வேலியடியில் வளரும் கல்முளையான்

கள்ளி என்னும் சொல் நம் நாட்டில் ஒரே செடியைக் குறிப்பதன்று. பாலுள்ளதையும் பாலில்லாததையும், மரம்போல் உயர்வதையும் தரையோடு கிடப்பதையும், சதைப்பற்றும் இலையின்மையும் மட்டும் கண்டு கள்ளியென்றே அழைத்துவிடுகிறோம். ஒரே பெயரால் பலவற்றை அழைப்பதனால் ஒன்று செய்த குற்றத்துக்கு மற்றொன்று தண்டனை பெறுவதுண்டு. கல்முளையான் என்றும் கள்ளிமுளையான் என்றும் வழங்கும் சிறு செடிக்கு இவ்வாறே நேர்ந்து வருகிறது. அதை அடையாளங் கண்டுகொள்ளும் வகையையும், அழிந்துபோகாமல் வேலியோரத்தில் வளர்க்கும் முறையையும் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இதனை எழுதலானேன்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில் ஒரு புஞ்சை நிலத்தின் வேலியைப் பார்வையிடும்படி நிலச்சொந்தக்காரர் ஒருவர் என்னை அழைத்திருந்தார். கிளுவையும் காரையும் சூரையும் பின்னிக் கிடந்த பழைய உயிர்வேலி அது. இடையிடையே சப்பாத்தி வந்துவிட்டபடியால், வேலி முழுவதையும் கழித்து எரித்துவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி கட்டுவதென அவர் தீர்மானித்திருந்தார். எல்லைக் கல்லைச் சரிபார்க்கும் பொருட்டுக் கிராம நிர்வாக அலுவலரும் வந்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது பாதி வேலி தரையில் குவியலாகக் கிடந்தது. அக்குவியலில் சுண்டுவிரற் பருமனில், பச்சையும் செம்மையும் கலந்த நாற்கோணத் தண்டுகள் சில வேரோடு கிடந்தன.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவள் குவியலண்டை வந்து அவற்றில் ஒன்றை ஒடித்து, ஓரத்து முனைகளை நகத்தால் சீவிவிட்டு வாயிலிட்டு மென்றாள். நிலக்காரர் பதறிப்போய், "கள்ளியைத் தின்கிறாயே அம்மா, வாய் வெந்துபோகாதா?" என்றார். அவள் சிரித்துக்கொண்டே, "இது கள்ளியில்லீங்க ஐயா, கல்முளையான். கம்பங்கொல்லைக் காவலுக்குப் போகும்போது பசிக்கும் தாகத்துக்கும் இதைத்தான் தின்போம். முன்னே இந்த வேலி நெடுக இருந்தது. இப்போது தேடித்தான் எடுக்க வேண்டும்" என்று கூறினாள். நான் பட்டயம் பெற்ற காலத்தில் இச்செடியின் படத்தைப் புத்தகத்தில் கண்டதுண்டு. ஆயினும் குவியலில் அதைக் கண்டு முதலில் பெயர் சொன்னவள் அம்மூதாட்டியேயாவாள் என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன்.

அடையாளம்

மெய்யான கள்ளியினத்தில், அதாவது சப்பாத்தி சேர்ந்த அமெரிக்கக் குடும்பத்தில், தண்டின்மேல் ஆங்காங்கே சிறு மெத்தைபோன்ற புள்ளிகள் இருக்கும். முட்கள் அப்புள்ளிகளிலிருந்துதான் கொத்தாகக் கிளம்பும். பூவும் அங்கிருந்தே தோன்றும். இந்த மெத்தைப் புள்ளி இல்லாத செடி எத்துணை முள்ளும் சதையும் பெற்றிருப்பினும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியவை வேறொரு குடும்பம். ஆமணக்குக்கு உறவானவை. கீறியவுடன் வெண்பால் பெருகும். அப்பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு விளையும். வாயிற் பட்டால் வெந்து புண்ணாகும். சதுரக்கள்ளியின் இளங்கன்று பார்வைக்குக் கல்முளையானைப் போலத் தோன்றக்கூடும் என்பதால் இதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். எந்தத் தண்டையும் வாயிலிடுமுன் ஒடித்துப் பார்க்கவேண்டும். பால் வந்தால் அதைத் தூர எறிந்துவிட்டுக் கையை நன்றாகக் கழுவிவிடுதல் வேண்டும்.

கல்முளையானை ஒடித்தால் வருவது தெளிந்த நீர். இதில் ஒரு வியப்புண்டு. இச்செடி எருக்கு, வேலிப்பருத்தி, நன்னாரி ஆகியவற்றின் உறவினம். எருக்கின் பாலை அறியாதவர் யார்? அக்குடும்பத்திற் பிறந்தும் கல்முளையானுக்கு வெண்பால் இல்லை. தண்டு நான்கு கோணமுடையது. அடியில் பருத்து நுனிக்குச் செல்லச் செல்ல மெலிந்து கூராகும். கோணங்களின்மேல் சிறு பற்கள் போன்ற மேடுகள் வரிசையாக இருக்கும். அவை கையைக் குத்தா. இளந்தளிரில் அப்பல்லின் முனையில் கடுகளவாக ஓர் இலை இருந்து விரைவில் உதிர்ந்துபோகும். செடி ஒன்றிலிருந்து இரண்டடி உயரத்துக்குமேல் போவது அரிது.

பிரண்டையோடு இதனை மயங்குவாரும் உளர். பிரண்டைக்கும் நான்கு கோணமுண்டு. ஆனால் அது கணுக்கணுவாக இறுகி, கணுவில் இலையும் பற்றுக்கம்பியும் விட்டுப் புதர்மேல் ஏறும். கல்முளையானுக்குக் கணுவுமில்லை, பற்றுக்கம்பியுமில்லை. அது ஏறாது, நிமிர்ந்தே நிற்கும்.

ஐயத்தை முற்றும் தீர்ப்பது பூ. மெலிந்த நுனிப்பகுதியில் ஒன்றிரண்டாகத் தலைகவிழ்ந்து தொங்கும் சிறு நட்சத்திரப் பூக்கள், கருஞ்சிவப்பும் மஞ்சள் வரிகளுமாக இருக்கும். சில வகைகளில் இதழோரத்தில் மெல்லிய மயிர்கள் காற்றில் ஆடும். இதன் தமையன்போன்ற மற்றொரு செடி தண்டு பருத்து, நுனியில் குடைபோல ஒரே கொத்தாகப் பல பூக்களைத் தாங்கும். அது பூத்தால் அழுகிய இறைச்சியின் நாற்றம் எழும். ஈக்களை வரவழைக்கவே அந்நாற்றம். பூவின் மகரந்தம் தூளாக இராமல் மெழுகுபோன்ற பொட்டலமாக இருப்பதால், பூவில் வந்து உட்காரும் ஈயின் கால் அல்லது வாயுறுப்பில் கவ்விக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்ச் சேருகிறது. எருக்கம்பூவிலும் இதே ஏற்பாடுதான். காய்கள் ஆட்டுக்கொம்பைப்போல் இரட்டையாக நிமிர்ந்து நீளும். தெலுங்கு நாட்டில் இவ்வினத்தை முயற்கொம்பு என்னும் பொருள்படக் குந்தேட்டி கொம்முலு என அழைக்கின்றனர். முயலுக்குக் கொம்பு ஏது என்று கேட்கவேண்டாம். தண்டைப் பார்த்தால் முயலின் காது நினைவுக்கு வருகிறதென்பது என் எண்ணம்.

இச்செடியைச் சாஸ்திர முறைப்படி முதன்முதல் விவரித்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றிய தமது நூலில் 1795-இல் படத்துடன் அதை வெளியிட்டார். பின்னர் 1810-இல் ராபர்ட் பிரவுன் இவ்வினத்துக்குக் கரல்லுமா எனப் பெயர் சூட்டினார். அதுவும் தெலுங்குக் குடியானவர் வழங்கிய பெயரைத் தழுவியதே. ஆட்டுக்காரர்களும் காவற்காரர்களும் அறிந்திருந்த செடியைத்தான் கல்விமான்கள் பின்னர் அறிந்துகொண்டனர்.

சப்பாத்தியால் வந்த வினை

இத்தகைய செடியை நாம் ஏன் எரிக்கிறோம்? சப்பாத்தியின்மேல் நமக்கிருந்த பகையே காரணம். அப்பகையின் வரலாறும் செம்பாக்கத்துக்கு நெடுந்தூரமில்லாத சைதாப்பேட்டையிலேயே தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வைத்தியரான ஜேம்ஸ் ஆண்டர்ஸன் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே சப்பாத்தித் தோட்டம் ஒன்றை அமைத்தார். அச்செடிமேல் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்து விற்கலாமென்பது கருத்து. 1795-இல் கப்பலில் வந்த பூச்சி உயர்ந்த சாதியன்று. சாயம் நயப்படவில்லை. ஆனால் அப்பூச்சி ஒருவகைச் சப்பாத்தியைத் தின்று தீர்த்தது. அதன் வாய்க்குத் தப்பிய மற்றொரு வகை தென்னாட்டு மேய்ச்சல் நிலங்களையும் தரிசுகளையும் முள்வேலியாக மூடிக்கொண்டது. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சியைத் தருவித்து விட்ட பின்னரே அது அடங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் பதினாயிரக்கணக்கான ஏக்கரில் சப்பாத்தி வாடி வீழ்ந்ததென்றால், அப்பூச்சியின் வேலைத் திறனை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

பூச்சி வருமுன் பல்லாண்டுகளாகச் சப்பாத்தியை வெட்டுவதும் புதைப்பதும் எரிப்பதுமே கிராமங்களில் வழக்கமாயிருந்தது. பாட்டன் காலத்துப் பழக்கம் பேரன் கையில் நின்றுவிட்டது. கொச்சினீல் பூச்சி கல்முளையானைத் தொடாது. நெருப்புக்கு அவ்விவேகம் இல்லை.

அன்றியும் கல்முளையான் தனியே வாழும் செடியன்று. வெட்டவெளியில் முளைத்தால் ஆடு மேய்ந்துவிடும், வெயிலும் கருக்கிவிடும். ஆகையால் காரை, சூரை, சங்கஞ்செடி போன்ற முட்புதரின் அடியில், அரை நிழலில், கல்லிடுக்கில்தான் அது பிழைக்கிறது. புதரை வெட்டினால் செடியைத் தொடாமல் விட்டாலும் அது இரண்டு கோடையைத் தாண்டாது. பல்லாவரம் முதல் வண்டலூர் வரையுள்ள பாறைக்குன்றுகளின் அடிவாரச் சரளை நிலம் இத்தகைய புதருக்கு இயல்பான இடம். 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் ஆதிமனிதனின் கற்கருவியைப் பல்லாவரத்தில் கண்டெடுத்தது இவ்வித செம்பூறாங்கல் சரளையில்தான். அந்நிலத்தின் பெரும்பகுதி இன்று வீடுகளாகிவிட்டது. செம்பாக்கமும் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. நன்மங்கலம் காப்புக்காடும், 1937-இல் தாம்பரத்துக்கு வந்த கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகமும் போன்ற சில இடங்களிலேயே பழைய முட்காட்டின் சாயலைக் காணலாம். மற்ற இடங்களில் எஞ்சியிருப்பது குடியானவரின் வேலி ஒன்றே.

வளர்க்கும் முறை

செம்பாக்கத்துக் குவியலிலிருந்து இருபது தண்டுகளுக்குமேல் எடுத்து வந்தேன். அவற்றில் முதற்பாதியை நானே கெடுத்தேன். அதைச் சொல்லாமல் முறையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. ஐப்பசி மாதம், நல்ல மழை. கத்தரி நாற்றங்காலுக்குச் செய்வதுபோல் ஏரிவண்டலும் மக்கிய எருவும் கலந்து, ஒடித்த தண்டுகளை அன்றைக்கே ஊன்றி, நாள்தோறும் நீர் தெளித்து வந்தேன். பத்தாம் நாள் பார்த்தபோது அடித்தண்டுகள் பழுப்பாகி, விரலால் அழுத்தினால் நீராய்க் கசிந்தன. நெல்லுக்கும் காய்கறிக்கும் நன்மை செய்யும் கை இச்செடிக்கு யமனாகிறது.

எஞ்சியவற்றை ஒரு முறத்திலிட்டு நிழலில் வைத்துவிட்டு, மாசி மாதம் வரை தொடவில்லை. சற்றுச் சுருங்கினவேயன்றி ஒன்றும் சாகவில்லை. பின்னர்ச் செய்த முறை வருமாறு.

தண்டை நான்கு அங்குல நீளத்துக்குக் கூரிய கத்தியால் வெட்டி, வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டும்வரை ஒரு வார காலம் நிழலில் வைக்கவேண்டும். இதுவே முதன்மையான வேலை, மற்றவை இதற்குப் பின்னரே. மண் கலவையில் ஆற்றுப் பெருமணல் அல்லது செம்பூறாங்கல் சரளை இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, செங்கல் உடைசல் ஒரு பங்கு இருக்கலாம். எரு வேண்டுவதில்லை. தொட்டியாயின் அடியிலுள்ள துளையின்மேல் ஓட்டுச் சில்லுகளை இரண்டங்குலம் பரப்புதல் நன்று. தண்டை ஓரங்குலத்துக்குமேல் புதைக்கலாகாது. நட்ட அன்று நீர் விடாமல் ஒரு வாரம் கழித்து ஒருமுறை விட்டு, அதன்பின் மண் முற்றும் காய்ந்தபிறகே மறுபடி விடவேண்டும். கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை போதும். அடைமழைக் காலத்தில் தொட்டியைத் தாழ்வாரத்தில் ஏற்றிவிடவேண்டும்.

நிலத்தில் வைப்போர் தொட்டியின் தொல்லையில்லாமல் வேலியையே நாற்றங்காலாகக் கொள்ளலாம். புதரின் கீழ்ப்புறத்தில் அல்லது வடபுறத்தில், நீர் தேங்காத மேட்டில், இரு கற்களுக்கிடையே சரளையை நிரப்பி நடவேண்டும். பிற்பகல் வெயிலுக்குப் புதர் குடைபிடிக்கும். ஆட்டுக்கு முள் வேலியாகும். நான் இவ்வாறு நட்டவை தொட்டியில் நட்டவற்றைவிடத் திடமாக உள்ளன. பொறுமைமட்டும் வேண்டும். வேர் பிடித்துப் புதுக்கிளை காட்ட இரண்டு மூன்று மாதங்கள் சென்றன. முதலாண்டில் நான்கு அங்குலத் தண்டு ஒரு சாணாக வளர்ந்தால் திருப்தியடைய வேண்டியதுதான். கீரைப்பாத்தியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வளராத செடியாகவே தோன்றும். அதனால் சலித்துப்போய் நீரை அதிகமாக்குவோர் என் முதற்பாதியின் கதியையே காண்பர்.

விதையாலும் வளர்க்கலாம். காய் முற்றி வெடித்தால் பட்டுப்போன்ற குஞ்சத்துடன் விதைகள் காற்றில் பறந்துவிடும். எனவே காய் பழுப்படையத் தொடங்கியதும் மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடவேண்டும். புதிய விதையைச் சரளை மண்ணின்மேல் தூவி, மிக மெல்லிய மணலால் மூடி, ஈரம் காக்க விரைவில் முளைக்கும். கன்றுகள் தண்டுக் கன்றுகளைவிடவும் மெதுவாக வளரும். ஆயினும் ஒரே செடியின் தண்டுகளையே பெருக்குவதைவிட விதைக் கன்றுகளும் சில இருப்பது இனத்துக்கு நலம்.

பூச்சிகளில் மாவுப்பூச்சியைக் கவனிக்கவேண்டும். எறும்பு ஏறுவதைக் கண்டவுடன் செடியின் இடுக்குகளைப் பார்த்து, ஈரத்துணியால் துடைத்துவிடலாம். எருக்கஞ்செடியில் வாழும் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு இதனையும் தின்னும். வெண்மை, கருமை, மஞ்சள் வளையங்களும் கரிய மயிர்க்கொம்புகளும் உடைய அப்புழு சிலவே வருவதால் நான் கையால் எடுத்து எருக்கின்மேல் விட்டுவிடுகிறேன். மருந்தடிக்கும் அளவுக்கு நஷ்டமில்லை.

பயனும் பேராசையும்

ஓரத்துப் பற்களைச் சீவி, புளியும் மிளகாயும் உப்பும் கூட்டி வதக்கி அரைத்தால் கல்முளையான் துவையல் சோற்றுக்கும் கூழுக்கும் இசைந்தது. சற்றே கசக்கும். ஊறுகாயும் இடுவதுண்டு. பஞ்ச காலங்களில் மேய்ச்சற்காரர்களுக்கு இது கையிலிருந்த உணவு. இன்று வேறொரு காரணத்தால் இதற்குக் கிராக்கி ஏற்பட்டிருக்கிறது. பசியை அடக்குமென்று இதன் சத்தை மாத்திரைகளாக்கி வெளிநாடுகளிலும் விற்கின்றனர். 2007-இல் வெளியான பெங்களூர் ஆராய்ச்சியொன்றில் 50 பேரைக்கொண்டு 60 நாள், நாளொன்றுக்கு ஒரு கிராம் சத்துக் கொடுத்துச் சோதித்தனர். இடுப்புச் சுற்றளவும் பசியும் ஓரளவு குறைந்ததாகக் கண்டனர். உடல் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. பசியைக் காசு கொடுத்து அடக்குவோர் ஒருபுறமும், பசிக்கு இதைத் தின்றோர் மறுபுறமுமாக உலகம் இருக்கிறது.

கிராக்கி வந்தால் பயிரிடுவார்கள் என எண்ணுவது இயல்பு. ஆனால் எடைக்கு விலையென்றால் வேலியில் இருப்பதை வேரோடு பிடுங்குவதுதான் எளிது. ஆண்டுகள் பல சென்று புதராகும் செடி ஒரு பிற்பகலில் கோணிக்குள் போய்விடுகிறது. இதனைத் தங்கள் நிலத்தில் வைத்திருப்போர் எடுக்கவேண்டுமாயின், தரைக்குமேல் மூன்று அங்குலம் நிற்கும்படி கத்தியால் அறுத்து, ஒரு புதரில் மூன்றிலொரு பங்குக்குமேல் கொள்ளாமல் விடல் வேண்டும். வெட்டுவாயின் கீழிருந்து இரண்டு மூன்று கிளைகள் வரும். அவ்வாண்டில் பூத்து நிற்கும் தண்டை அறுப்பது விதையை அறுப்பதாகும். ஏக்கர் கணக்கில் இதைப் பயிரிட்டு லாபம் காணலாமென்று நான் சொல்லத் துணியேன். வேலியோரத்துச் செடியாக இருக்கும்வரை இதற்குச் செலவில்லை, நஷ்டமுமில்லை. அவ்வளவில் நிற்பதே இப்போதைக்குப் புத்திசாலித்தனம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு விண்ணப்பம். பொறம்போக்கிலும் வண்டிப்பாதையோரத்திலும் புதர் நீக்க உத்தரவிடும்போது, முதல்நாள் அங்கே ஆடு மேய்ப்போர் ஒருவரை அழைத்து நடந்து பார்க்கலாம். 2002-ஆம் ஆண்டு உயிரினப் பன்மைச் சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் எல்லைக்குள் உள்ள செடிகொடிகளுக்குப் பதிவேடு வைக்கவேண்டும். அதில் இச்செடி நிற்கும் வேலியின் புல எண்ணைக் குறித்துவைக்க ஒரு வரி போதும். சப்பாத்தியை மட்டும் நீக்கவேண்டுமாயின் அதனை மட்டும் பிடுங்கலாம். இரண்டுக்கும் வேற்றுமை மேலே எழுதியுள்ளேன்.

செம்பாக்கத்து நிலக்காரர் கல்தூண் நடுவதை முற்றும் கைவிடவில்லை. மேற்கிலும் தெற்கிலும் தூண் நட்டுக் கம்பி கட்டிவிட்டார். ஆனால் வடக்கு வேலியை, ஏறக்குறைய நாற்பது கெஜ நீளம், கிளுவையும் காரையுமாக அப்படியே விட்டிருக்கிறார். அவ்விடத்தில் ஒன்பது தண்டுகளை நட்டோம். ஏழு பிழைத்தன. சென்ற கார்த்திகையில் இரண்டு பூத்துக் காய்த்தன. துணிப்பை கட்டும்போது அம்முதியவள் வந்து நின்று, "பைக்குள்ளே போட்டுவிட்டால் காற்றுக்கு என்ன வேலை ஐயா? ஒரு காயையாவது அதற்கு விட்டுவிடுங்கள்" என்றாள். அவ்வாறே ஒன்றை விட்டிருக்கிறோம்.